பையனைத் திருத்த ஜெயிலைக் காட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

(வழி தவறும் விளிம்பில் நிற்கும் வளரிளம் பிள்ளைகள் பற்றி வந்த கடிதங்களுக்கு, சேலத்தில் நெடுங்காலம் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலராக) பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் இந்த இதழில் பதில் எழுதுகிறார். கேட்டவர்களின் அடையாளங்கள் மறைக்கப்பட்டுள்ளன.)

என் மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டான். கூட்டாளிகளோடு சேர்ந்து, புது பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற ஒரு பைக்கை எடுத்துப்போய் மாட்டிக்கொண்டார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளின் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் விசாரித்து, கவுன்சலிங் போக வேண்டும், ஆஸ்பத்திரியில் சேவை செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். "பெத்த பிள்ளை ஆஸ்பத்திரியில கூட்டிப் பெருக்கினா நான் எப்படித் தலைநிமிர்ந்து தறிக்குப் போவேன்" என்று வீட்டுக்காரர் குதிக்கிறார். நாளைக்கு இவன் வேலைக்குப் போக இடைஞ்சல் வருமா? – ஒரு தாய், அம்மாப்பேட்டை

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது. இடைஞ்சல் வரக் கூடாது என்றே 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் 24-ஆம் பிரிவை வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் வழக்கு இந்தச் சட்டப்படி முடிந்தால், குற்றவாளி என்று தீர்ப்பானவர்களுக்கு வருகிற தகுதியிழப்பு எதுவும் அவனுக்கு வராது. மேல்முறையீட்டுக்கும் விதிகளுக்கும் உரிய காலம் கழிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் சிக்கி, பெரியவர்களைப் போல விசாரிக்கப்படுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. திருட்டுக்கு மூன்று வருடம் வரைதான் தண்டனை என்பதால், உங்கள் மகன் செய்தது சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம். இளவயது வழக்கைக் காட்டி வேலையை மறுக்கக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவன் பெயரையோ படத்தையோ வெளியிடுவதும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. யாராவது உறவுக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பரப்பினால் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். வக்கீல் வேண்டுமென்றால் காசு தேவையில்லை. குழந்தைகளுக்கு இலவச சட்ட உதவி உரிமை. 15100-க்குப் போன் செய்தால் போதும்.

சரி, இனி ஆஸ்பத்திரி விஷயம். குழுமம் போடக்கூடிய உத்தரவுகள் 18-ஆம் பிரிவில் வரிசையாக இருக்கின்றன. புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்புவது, குழுவாகக் கவுன்சலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று போய், கடைசியில்தான் தங்கவைத்துத் திருத்தும் சிறப்பு இல்லம். பதினாலு வயதைத் தாண்டிய பிள்ளைகள் செய்யக்கூடிய சேவைக்கு விதிகளில் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி, ஆஸ்பத்திரியில் ஒத்தாசை, மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் துணை, போக்குவரத்துத் தன்னார்வலர். அவமானப்படுத்துவது இதன் நோக்கம் இல்லை. 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் சட்டத்தில் பெரியவர்களுக்கும் சில சின்னக் குற்றங்களுக்குச் சமூக சேவை வந்திருக்கிறது என்பதையும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

அவரை ஒரு நாள் காலையில் நம்முடைய மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பக்கம் கூட்டிப்போய் நிறுத்துங்கள். எடப்பாடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் ஓ.பி. சீட்டைக் கையில் பிடித்தபடி, எக்ஸ்ரே எங்கே, ரத்தம் எடுக்கிற இடம் எங்கே என்று தெரியாமல் நிற்பார்கள். அவர்களில் ஒரு பாட்டியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒரு பையன் இருந்தால் அது கேவலமா? எந்த ஆஸ்பத்திரியில் போட்டாலும் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அங்கே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேலை காட்டிக் கொடுத்து, வந்தானா என்று கவனிக்கிற ஒரு பெரியவர் இருக்கிறாரா? துடைப்பத்தைக் கொடுத்து மூலையில் விட்டுவிட்டு, நேரம் முடிந்ததும் கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள் என்றால் நன்னடத்தை அலுவலரிடம் சொல்லி வேறு இடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். அவனும் பைக் கேஸ்தான். கவுன்சலிங் அறையில் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்பான். "படிப்புல இன்ட்ரஸ்ட் இல்லீங்க" என்பதைத் தாண்டி வாய் திறக்கமாட்டான். அவனை ஒரு முதியோர் இல்லத்தில் சேவைக்குப் போட்டார்கள். அங்கே பார்வை மங்கிய ஒரு பெரியவர், முன்னாள் தறிக்காரர், "பேப்பர் படிச்சுக் காட்டு கண்ணு" என்று கொடுத்திருக்கிறார். பையனால் தலைப்பைத் தாண்ட முடியவில்லை. எழுத்துக்கூட்டவே தடுமாற்றம். ஒன்பதாம் வகுப்பு வரை எப்படியோ ஒப்பேற்றி வந்தவன், வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டிருக்கிறான். பெற்றவர்களுக்கே இது தெரியாது. பெரியவர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. "தலைப்பு மட்டும் போதும், மெதுவாச் சொல்லு" என்றாராம். அடுத்த முறை எங்களிடம் வந்தபோது பையன் தானாகவே இதைச் சொன்னான். அதற்கப்புறம்தான் கவுன்சலிங்கில் பேச்சு நகர்ந்தது. கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கவும் வழி பிறந்தது. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினான். கதவைச் சாத்திக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, ஒருவருக்கு உபயோகமாக இருக்கும்போது வந்துவிடுகிறது. ஆனால் வந்த பேச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போக ஒரு கவுன்சலர் வேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து உத்தரவு போடுகிறார்கள்.

கவுன்சலிங் பெற்றோருக்கும் சேர்த்துத்தான். அரைநாள் தறி நின்றால் கூலி போகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் வரவேண்டும். அப்பா வராத வீடுகளில் பையன், "எல்லாருக்கும் நான் ஒருத்தன்தான் தப்பு" என்று முடிவுகட்டிக்கொள்கிறான். அடிப்பதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை; ஆனால் "குதிக்கிறார்" என்று படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஐந்து பேர், உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தோடு பிடிபட்டார்கள். பிரேயரில் நிற்க வைத்து, ஒரு மாதம் கழிவறை கழுவச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர். சேலம் மத்தியச் சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் பயந்து திருந்துவார்கள் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – ஓர் ஆசிரியர், சேலம் மாநகர்

இரண்டும் வேண்டாம் சார். தயவுசெய்து வேண்டாம்.

ஜெயிலைக் காட்டித் திருத்தும் யோசனையை அமெரிக்காவில் ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 1970-களில் நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில், ஆயுள் கைதிகளை விட்டே பையன்களை மிரட்ட வைத்தார்கள். அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. பிற்பாடு ஆய்வாளர்கள் இந்த மாதிரித் திட்டங்களின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, சிறைக்குக் கூட்டிப்போகாமல் சும்மா விட்ட பையன்களைவிட, கூட்டிப்போன பையன்கள்தான் அதிகமாகக் குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். பயத்தை மறைக்க ஒரு பதினாலு வயதுப் பையனுக்குத் தெரிந்த வழி, பயமில்லாதவன் மாதிரி நடந்துகொள்வதுதான். அதுவும் நாலு கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாகவும், நண்பர்கள் பார்க்கவும் ஆடவைத்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது வளரிளம் பிள்ளைகள் துணிந்து எடுத்த ஆபத்து மிக அதிகம். பெரியவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை.

ஐந்து பேரையும் ஒரே அணியாகச் சேர்த்துக் கழிவறை கழுவ வைப்பதில் இருக்கும் கெடுதலும் இதுதான். அதுவரை சும்மா பழகிய ஐந்து பேரை நீங்களே ஒரு கும்பலாக்கிப் பெயரும் வைத்துவிடுகிறீர்கள். பாஸ்டன் பக்கம் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 1939-ல், ஆபத்தான நிலையில் இருந்த பையன்களுக்கு ஆலோசகர், டியூஷன், கோடை முகாம் என்று நல்லெண்ணத்தோடு எல்லாம் செய்தார்கள். 1978-ல் ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தார். உதவி பெற்றவர்களின் வாழ்க்கை, பெறாதவர்களுடையதைவிட மோசமாக இருந்தது. இன்னும் துருவியபோது, கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்று தெரிந்தது. முகாமில் ஒருவருக்கொருவர் பேசிச் சிரித்துக் கற்றுக்கொண்டதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. குழுக் கவுன்சலிங் முடிந்து பையன்கள் டீக்கடையில் நிற்கும் அரை மணி நேரம்தான் எங்களுக்கு எப்போதும் கவலை.

அதனால் பிரித்துவிடுங்கள். ஒருவன் பி.டி. சாரோடு சேர்ந்து மைதானத்தில் கோடு போடட்டும். ஒருவன் நூலகத்தில் புத்தகம் அடுக்கட்டும். ஒருவனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சாலையைக் கடக்கத் துணைக்கு விடுங்கள். ஒருவனைத் தோட்டத்துக்கு, ஒருவனை நாட்டு நலப்பணித் திட்ட முகாம் வேலைக்கு. கண்ணன்குறிச்சி மூக்கனேரியைப் பார்த்திருப்பீர்கள். 2010-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, அந்த மண்ணிலேயே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். இன்று பறவைகள் வந்து தங்குகின்றன. கண்ணால் பார்க்கிற மாதிரிப் பலன் தரும் வேலை ஒரு பையனைப் பிடித்து நிறுத்தும். கழிவறையைச் சுத்தமாக வைப்பது எல்லாரும் முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. தண்டனையாக்கினால், பள்ளியில் அந்த வேலையைத் தினமும் செய்கிற தூய்மைப் பணியாளர் அம்மாவைப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதையும் யோசனை சொன்னவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

ஒவ்வொருவனையும் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். "ஏண்டா செஞ்சே" என்று கேட்டால் தலையைக் குனிவான், அவ்வளவுதான். "அது வாயில இருக்கும்போது உனக்கு என்ன சௌகரியம்?" என்று கேட்டுப் பாருங்கள். பசி தெரியாது என்பான் ஒருவன். ராத்திரி அப்பாவோடு தறியில் நிற்கும்போது தூக்கம் வராது என்பான் இன்னொருவன். அங்கிருந்துதான் நீங்கள் செய்ய வேண்டியது தெரியும். நிகோடின் பழக்கத்தை விடும்போது முதல் சில நாட்கள் எரிச்சலும் கோபமும் வரும். வகுப்பில் எதிர்த்துப் பேசினால் அதையும் கணக்கில் எடுங்கள். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446.

இன்னொன்று, விற்றவர் யார்? பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளைகளைப் பிரேயரில் நிறுத்துவதில் காட்டுகிற வேகத்தைக் கடைக்காரர் மேல் எழுத்துமூலம் புகார் கொடுப்பதில் காட்டலாம்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். பத்தாவது முடிக்காத பையன்கள் சீசனில் காபி பறிக்கப் போகிறார்கள். கையில் காசு வந்ததும் குடி, பைக் என்று போகிறது. இவர்களைத் திரட்டி, கிளியூர் அருவி பக்கம் கிடக்கும் பாட்டில்களையும் பிளாஸ்டிக்கையும் அள்ள ஒரு சேவைக் குழு அமைக்க நினைக்கிறோம். – மன்றச் செயலாளர்

உங்கள் அக்கறைக்கு நன்றி தம்பி. ஆனால் இவர்களை மட்டும் திரட்டினால் "குடிகாரப் பசங்க குழு" என்று ஊர் பெயர் வைத்துவிடும். மன்றத்தின் எல்லாப் பிள்ளைகளும் இருக்கிற குழுவில் இவர்களில் ஓரிருவர் இருக்கட்டும். அப்புறம், கீழேயிருந்து வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போட்ட பாட்டிலை மலைப் பையன் திருந்துவதற்காகப் பொறுக்குவது என்பது எனக்கு உறுத்துகிறது. மலையைச் சுத்தம் செய்யட்டும், ஆனால் இது மட்டுமே அவன் சேவை என்று ஆகக் கூடாது. சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கத் தெரிந்தவன் அவன். ஒற்றையடிப் பாதையெல்லாம் அவனுக்குத் தெரியும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையெங்குமிருந்து சனம் வரும்போது வழிகாட்டவும், தண்ணீர் கொடுக்கவும், முதியவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகவும் அவனைப் போல ஆள் கிடையாது. முதலுதவிப் பயிற்சி கொடுத்து நிறுத்துங்கள்.

நவம்பரில் காபி பறிப்பு ஆரம்பிக்கும் முன்பே பெற்றோரைக் கூட்டிப் பேசிவிடுங்கள். சீசனில் இரண்டு மாதம் பள்ளிக்கு வராத பையன் மூன்றாம் மாதம் வந்தால் பாடம் புரியாது, புரியாததால் நின்றுவிடுவான். பதினாலு வயது ஆகாத பிள்ளையைத் தோட்ட வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். எத்தனை பேர் இனச்சான்று கிடைக்காமல் மேற்படிப்பை விட்டிருக்கிறார்கள் என்றும் கணக்கெடுங்கள். உங்கள் மன்றம் அலைந்து ஒரு பிள்ளைக்குச் சான்று வாங்கிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய கவுன்சலிங் வேறில்லை என்பேன். பஞ்சாயத்தில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும்; அதைக் கூட்டச் சொல்லி, மலைக்கு ஒரு ஆற்றுப்படுத்துநரை அனுப்பும்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள். பையன்கள் பஸ் ஏறிக் கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிச் சேலம் வந்து போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பைக் விஷயத்தில் மட்டும் பெற்றோரிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அந்த மலைப்பாதையில் வண்டி சறுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு 17 வயது. பத்தாவது முடித்துவிட்டுக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கூட இருக்கிறவர்கள் வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள், நானும் பழகிவிட்டேன். விட வேண்டும். கவுன்சலிங் போனால் பைத்தியம் என்பார்கள். தூக்கமே வருவதில்லை. – பனங்காடு

கண்ணு, நீ எழுதியதை நான் பலமுறை படித்தேன். யாரும் கேட்காமலே "விட வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். அதுதான் பாதி வேலை, அதை நீ செய்துவிட்டாய்.

மாத்திரையைச் சட்டென்று உன் இஷ்டத்துக்கு நிறுத்தாதே. சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் உடம்பு கடுமையாகப் படுத்தும், வலிப்புகூட வரலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய், என்ன மாத்திரை, எத்தனை என்று மறைக்காமல் சொல். அட்டை இருந்தால் எடுத்துப் போ. டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிடுவாரோ என்று பயப்படாதே. நீ அங்கே நோயாளி. போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பதினெட்டு ஆகாததால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உனக்கு உரியதுதான். செத்துவிடலாம் என்ற நினைப்பு எப்போதாவது வந்தால், அன்றைக்கே, அந்த நிமிடமே கூப்பிடு; பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடமும் சொல்.

பட்டறையில் ஆசிட், புகை பக்கம் உன்னை நிறுத்துகிறார்களா? பதினெட்டு வயதுக்குள் ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. பத்தாவது முடித்தவனுக்கு ஐ.டி.ஐ.-யில் இடம் உண்டு. கைவேலை ஏற்கெனவே உனக்குப் பழக்கம். தூக்கம் திரும்பியதும் அதைப் பற்றி எனக்கு இன்னொரு கடிதம் எழுது. பெயர் போட வேண்டாம்.

நான் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வுபெற்றவன். கவுன்சலிங் எல்லாம் படித்ததில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா? – சூரமங்கலம் வாசகர்

உங்களைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் ஐயா. சேவையைக் கண்காணிக்க ஒரு நிறுவனத்தையோ தனி நபரையோ குழுமம் நியமிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஒரு பையனை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதாவது ஒரு அங்கன்வாடியில் கெட்டுப்போன சுவிட்சை மாற்றவும் ஃபேன் மாட்டவும் சொல்லிக்கொடுங்கள். மெயினை அணைத்தபிறகே அவன் கை வைக்க வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். புத்திமதி சொல்ல வேண்டியதில்லை. அவனாகப் பேசினால் கேளுங்கள். கனமான விஷயம் எதுவும் சொன்னால் ஆற்றுப்படுத்துநரிடம் கொண்டுபோங்கள். ரகசியம் காப்பதாக வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு வருடம் தொடர முடியும் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிப்பட்ட வழிகாட்டி உறவு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த பிள்ளைகளுக்கு நல்ல பலன் இருந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்கோ, தங்களைப் பற்றிய மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. பேரன் வீட்டுக்கு வெளிநாடு போகிற திட்டம் இருந்தால் போய்வந்து ஆரம்பியுங்கள்.

பணம் கொடுக்காதீர்கள், வீட்டுக்குத் தனியாக அழைக்காதீர்கள். வேலை செய்யும் இடத்தில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் விருப்பம் தெரிவியுங்கள். உங்களைப் பற்றி விசாரிப்பார்கள், காவல்துறைச் சான்றும் கேட்கலாம். இந்த வயதில் நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று வருத்தப்படாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளோடு பழக வருகிற எல்லாரிடமும் அதைக் கேட்டாக வேண்டும்.